ஓட்டைத் தகட்டில் ஒளிந்திருக்கும் பாட்டு!
ஒளியைக் காட்டிப் படிக்கிறார்கள்

வட்டமான ஓர் இரும்புத் தகடு. சாப்பாட்டுத் தட்டை விடப் பெரியது. அதில் எங்கு பார்த்தாலும் சிறு சிறு ஓட்டைகள். சல்லடையோ என்று நினைத்துவிட வேண்டாம். அது ஒரு பாட்டு!

ஜெர்மனியில் லைப்சிக் நகரில் 1880-களில் இந்த இசைத் தகடுகள் பிறந்தன. பால் லோக்மன் என்பவர் "சிம்போனியன்" என்ற பெட்டியைச் செய்து விற்றார். அங்கே வேலை பார்த்த குஸ்டாவ் பிராக்ஹவுசன் தனியே பிரிந்து "பாலிபோன்" கம்பெனியைத் தொடங்கினார். 1892-ல் அமெரிக்காவுக்குப் போய் "ரெஜினா" பெட்டிகளையும் செய்தார்.

அதற்கு முந்தைய பெட்டிகளில் பித்தளை உருளை இருக்கும். அதில் ஆயிரக்கணக்கான ஊசிகளைக் கையால் பதிக்க வேண்டும். பணக்காரர் மட்டுமே வாங்க முடியும். தகடு அப்படியல்ல, அச்சடிப்பது போலக் குத்தித் தள்ளலாம். இங்கிலாந்து மதுக்கடைகளில் காசு போட்டால் பாடும் பெட்டிகள் கூட வந்தன. பிறகு கிராமபோன் வந்தது. ரெஜினா கம்பெனி தூசி உறிஞ்சும் இயந்திரம் செய்யப் போய்விட்டது!

ஊமையான தகடுகள்

ஒரு கம்பெனியின் தகடு இன்னொரு கம்பெனிப் பெட்டியில் பொதுவாகப் பொருந்தாது. பெட்டி போனால் தகடு ஊமை. பெட்டி இருந்தாலும் பயம்தான். துருப்பிடித்து வளைந்த தகட்டைச் சுழற்றினால், உள்ளே இருக்கும் எஃகுச் சீப்பின் பல் ஒடியலாம். அந்தப் பல்தானே பாடுகிறது!

தொடாமல் படிப்பது எப்படி?

தகட்டின் ஒரு பக்கம் விளக்கு. மறு பக்கம் ஒளியை உணரும் சென்சார்கள் வரிசையாக நிற்கும். தகடு மெல்லச் சுழலும்போது ஓட்டை வழியே ஒளி பாயும். உடனே சென்சார் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். ஓட்டை நடுவிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது எந்தப் பல் என்று காட்டும். சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது எப்போது ஒலிக்க வேண்டும் என்று காட்டும். ஸ்கேனரில் படமெடுத்தும் இதே கணக்கைப் போடலாம்.

இதோடு வேலை முடிந்ததா? இல்லை. இங்கேதான் சிக்கலே இருக்கிறது. எந்தப் பல்லுக்கு எந்தச் சுரம் என்று தகட்டில் எழுதியிருக்காது. பெட்டிக்குப் பெட்டி அது மாறும். ஒரே சுரத்தை வேகமாகத் திரும்ப வாசிக்க இரண்டு மூன்று பற்களுக்கு ஒரே சுரம் வைத்திருப்பார்கள். ஆகவே அந்த வகைப் பெட்டி ஒன்றாவது நல்ல நிலையில் இருந்தால்தான் சுரப் பட்டியல் கிடைக்கும். தகட்டைக் காப்பாற்றிப் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போடுவது புத்தியல்ல. எஃகுப் பல்லின் ரீங்காரமும் மரப்பெட்டியின் அதிர்வும் கம்ப்யூட்டர் கணக்கில் வராதே!

அந்தக் கணக்கை வைத்துப் புதுத் தகடும் குத்தலாம். பழைய தகட்டைப் பெட்டிக்குள் வைக்கவே வேண்டாம். புதியது சுழன்றால் போதும், பல்லும் பிழைக்கும், பாட்டும் கேட்கும்.