வெள்ளிக்கிழமையில் ஞாயிறு பூசை

துபாய் ஊத் மேத்தாவின் புனித மரியன்னை ஆலயத்தில் பல்லாண்டுகளாக வெள்ளிக்கிழமைதான் கூட்டம் நெரிந்தது. தொழிலாளர் பலருக்கு அந்த ஒருநாள்தான் லீவாக இருந்தது. லேபர் கேம்ப்பிலிருந்து பஸ் பிடித்து வரும் தூத்துக்குடிக்காரர் வேறு எப்போது பூசை காண்பார்? திருச்சபையும் அந்த வெள்ளிப் பூசையையே ஞாயிறு கடனாக ஏற்றுக்கொண்டது.

சரியான முடிவு. ஓய்வுநாளில் கதிர் கொய்து தின்ற பசித்த சீடர்களுக்காகப் பரிசேயரிடம் வாதாடியவர் இயேசு. மற்றோர் ஓய்வுநாளில், தொழுகைக்கூடத்தின் நடுவிலேயே, கை சூம்பியவரைக் குணமாக்கி எதிரிகளைச் சம்பாதித்துக்கொண்டார்.

2022 ஜனவரியில் அமீரகம் வார விடுமுறையைச் சனி, ஞாயிறுக்கு மாற்றியது. குவைத்திலும் கத்தாரிலும் இன்றும் வெள்ளிதான்.

ஊரிலிருந்து போனில் “ஞாயிறு பூசைக்குப் போனியா?” என்று அதட்டும் உறவினர்களே, “இந்த வாரம் லீவு கிடைச்சுதா?” என்று முதலில் கேளுங்கள்.