மதிப்பூதியம் என்றொரு சொல்

எதை எழுதத் தொடங்கினாலும் பிள்ளையார் சுழி போடுவது நம் வழக்கம். குன்றைக் குடைந்து கற்பக விநாயகரைச் செதுக்கிவைத்த பிள்ளையார்பட்டிப் பக்கம் கேட்கவே வேண்டாம். விஜயதசமியன்று குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதவைப்பதைக் குடும்பமே கூடிநின்று கொண்டாடும். மறுநாளிலிருந்து அதே குழந்தைக்கு எழுத்துக்கூட்டவும் கூட்டிக் கழிக்கவும் பழக்குகிறவளை யார் கொண்டாடுகிறார்கள்?

அவள் வேலையின் பலனை ஆய்வாளர்கள் அளந்தே காட்டியிருக்கிறார்கள். பொருளியல் அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அவருடைய சகாக்களும் தமிழ்நாட்டில் 640 அங்கன்வாடி மையங்களை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் ஒரு பகுதிக்கு மட்டும், குழந்தைகளுக்குக் கற்பிக்கவென்றே கூடுதலாக ஒரு பகுதிநேரப் பணியாளர். சமையல், எடை பார்ப்பது, பதிவேடு என்று அல்லாடிக்கொண்டிருந்த மையங்களில் கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. ஒன்றரை ஆண்டில் கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள், ஊட்டக்குறைவும் குறைந்தது. செலவைவிட வரவே மிக அதிகம் என்பது ஆய்வின் முடிவு.

அடுத்தது கொரோனா காலம். 18 மாதங்கள் பள்ளிகள் மூடிக்கிடந்தன. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ மூவரும் நம் கிராமப்புறத்தில் சுமார் 19,000 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில், மொழியில் ஏற்பட்ட இழப்பைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு இழப்பு கணக்கில் தெரிந்தது. பேச்சும் கதையும் வீட்டில் ஓரளவு கிடைத்துவிடும். கடன் வாங்கிக் கழிப்பதை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால்பங்கு 2021இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யால் வந்தது என்று கணக்கிட்டார்கள்.

அந்தக் கால்பங்கைக் கொண்டுவந்தவர்கள் யார்? திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் தெருப்பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள். மாதம் 1,000 ரூபாய். நாளுக்கு ஒன்றரை மணி நேரம், மாதம் இருபது நாள் என்று வைத்தால் மணிக்கு 33 ரூபாய். எதிரே இருபது பிள்ளைகள் உட்கார்ந்திருந்தால், தலைக்கு இரண்டு ரூபாய்கூட இல்லை. இந்த வகுத்தலைச் செய்ய ஆய்வாளர் எவரும் தேவையில்லை. அவளிடம் படித்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே செய்துவிடும்.

'குறைந்த செலவில் நிறைந்த பலன்' என்று திட்டத்தைப் பாராட்டுகிறவர்களைக் கேட்கிறேன்: செலவு ஏன் குறைந்தது? சுண்ணக்கட்டி விலை இறங்கியதாலா? அவள் உழைப்பை மலிவாக வாங்கியதால்தானே?

"ஆர்வத்தோடு வந்தார்கள், யாரும் கட்டாயப்படுத்தவில்லை" என்பார்கள். ஆர்வம் உண்மைதான். பன்னிரண்டாம் வகுப்போ பட்டமோ முடித்து, உள்ளூரில் வேலையில்லாமல், வெளியூர் போக அனுமதியுமில்லாமல் இருக்கும் பெண்ணுக்கு வீட்டைவிட்டு நாலடி வெளியே வர ஒரு காரணம் கிடைத்தால் ஆர்வம் வராதா? பொறியாளருக்கும் ஆட்சியருக்கும்கூட வேலையில் ஆர்வம் உண்டு. அதைக் காரணம் காட்டி அவர்கள் சம்பளத்தை யாரும் குறைப்பதில்லை.

தமிழ் கற்பிக்கிறவளாக 'மதிப்பூதியம்' என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்கிறேன். மதிப்பு ஒரு பக்கம், ஊதியம் ஒரு பக்கம். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் இரண்டையும் தராமல் இருக்கலாம் என்பது இச்சொல்லின் சாமர்த்தியம். 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அங்கன்வாடிப் பெண்களை இந்தச் சொல்லில்தான் கட்டிப்போட்டது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டைக் கொஞ்சம் தளர்த்தியது: அவர்கள் பெறுவது சட்டப்படி ஊதியமே, பணிக்கொடைக்கு அவர்கள் உரிமையுள்ளவர்கள் என்றது.

அந்த வழியில் மேலே போக வேண்டும். கற்பிப்பது வேலை. அதற்குப் பணி நியமனம் வேண்டும், நேர வரையறை வேண்டும், ஊதியம் வேண்டும், மகப்பேறு விடுப்பு வேண்டும். பிள்ளைகள் எவ்வளவு கற்றார்கள் என்று அளக்க வருகிறவர்கள், கற்பித்தவளுக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதையும் அதே பக்கத்தில் எழுதட்டும். தோழிகளே, கல்லூரி முடித்து நாளை இந்த வேலைக்குப் போகப்போகிறவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். "சேவை மனப்பான்மை இருக்கிறதா?" என்று கேட்டால், "சம்பளம் எவ்வளவு?" என்று திருப்பிக் கேளுங்கள்.