ஆபரேஷனுக்கு முன்னால் ஏன் எடை குறைக்க வேண்டும்?

‘‘என் வீட்டுக்காரருக்கு வயது 46. உயரம் 165 செ.மீ. எடை 121 கிலோ. 9 வருஷமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. சின்னதாக ஒரு முட்டைக்கோழிப் பண்ணையும், 2 ஏக்கரில் குச்சிக்கிழங்கும் வைத்திருக்கிறோம். எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்த டாக்டர், ‘அதற்குள் 5 கிலோ குறைத்துக்கொண்டு வாருங்கள்’ என்று சொல்லிவிட்டார். ‘குறைக்க முடிந்தால் ஆபரேஷன் எதற்கு?’ என்று சொந்தக்காரர்கள் கேலி செய்கிறார்கள். அவரோ வீம்புக்கு ஒரு வாரமாகக் காலையில் எதுவும் சாப்பிடாமல், மத்தியானம் ஜவ்வரிசிக் கஞ்சி மட்டும் குடிக்கிறார். சர்க்கரை மாத்திரையை வழக்கம்போலப் போடுகிறார். நேற்று தீவன மூட்டையை இறக்கும்போது வியர்த்துக்கொட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டார். டாக்டர் சொன்னதை எப்படித்தான் செய்வது?’’

- ஒரு வாசகி, நாமக்கல் மாவட்டம்.

கடிதத்தின் கடைசி வரியில் இருப்பதைத்தான் முதலில் பேச வேண்டும். வியர்த்துக்கொட்டி உட்கார்ந்தது களைப்பாக மட்டும் இருக்க வாய்ப்பு குறைவு. ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருக்கலாம். இதய நோய்க்கும் இதே போன்ற அறிகுறி உண்டு என்பதால், அதையும் டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். சர்க்கரை நோய்க்குத் தரப்படும் மாத்திரைகள் எல்லாம் ஒரே ரகம் அல்ல. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை, ஆள் சாப்பிட்டாரா இல்லையா என்று பார்ப்பதில்லை. கணையத்தை இன்சுலின் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். வயிறு காலியாக இருக்கும்போது அந்த மாத்திரையையும் போட்டு, மூட்டையும் தூக்கினால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், கண் மங்கும். இன்னும் இறங்கினால் மயக்கம்தான். கிணற்று மேட்டிலோ, மோட்டார் பக்கத்திலோ, வண்டி ஓட்டும்போதோ அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அப்படி வரும்போது 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து, குளுக்கோமீட்டர் இருந்தால் சோதித்துப் பார்க்க வேண்டும். 70-க்குக் கீழேயே நின்றால் இன்னொரு முறை குடிக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். ‘டயட்டில் இருக்கிறோமே, சர்க்கரை தொடலாமா?’ என்ற யோசனைக்கு அந்த நேரத்தில் இடமே இல்லை.

இன்னொரு வகை மாத்திரை உண்டு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று அட்டையில் எழுதியிருக்கும். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுபவை. இவற்றைப் போட்டுக்கொண்டு மாவுச்சத்தை அடியோடு குறைத்தால், மீட்டரில் சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் சேர்ந்துவிடும் ஆபத்து உண்டு. வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் ஆகியவை அதன் அடையாளம். ஆபரேஷனுக்குச் சில நாட்கள் முன்பே இவற்றை நிறுத்தச் சொல்வார்கள். எதை நிறுத்துவது, எதைப் பாதியாக்குவது என்பதை வீட்டில் முடிவு செய்ய முடியாது. வாசகியின் கணவர் தன் மாத்திரை அட்டைகள் அத்தனையையும், ரத்த அழுத்த மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டுக்கொண்டு நாளைக்கே டாக்டரிடம் போக வேண்டும். ஒரு வாரமாக என்ன சாப்பிட்டார் என்பதையும், உட்கார்ந்துவிட்டதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இனி, சொந்தக்காரர்களின் கேள்விக்கு வரலாம். அதற்குப் பதில் இவர்களுடைய கோழிக் கொட்டகையிலேயே இருக்கிறது.

கூண்டில் வளரும் முட்டைக்கோழிகளில், நன்றாகக் கொழுத்த கோழி ஒன்று காலையில் பார்த்தால் செத்துக் கிடக்கும். கொண்டை வெளிறியிருக்கும். அறுத்துப் பார்த்தால் ஈரல் மஞ்சளாக, களிமண் மாதிரி இருக்கும். விரல் பட்டாலே உடையும். வயிற்றுக்குள் ரத்தம் கட்டியிருக்கும். மக்காச்சோளம் தூக்கலான தீவனமும், அசைய இடமில்லாத கூண்டும், வெயிலும் சேர்ந்து கொண்டுவரும் கொழுப்பு ஈரல் நோய் இது. கால்நடை மருத்துவர் வந்தால் தீவனத்தில் எரிசக்தியைக் குறைக்கச் சொல்லி, கோலின் சேர்க்கச் சொல்வார். முட்டைக்கோழி வைத்திருப்பவர்கள் பலருக்கும் தெரிந்த சங்கதிதான்.

உடல் பருமன் உள்ள மனிதர்களில் பெரும்பாலானோருக்கு ஈரலில் இதுபோலக் கொழுப்பு சேர்ந்திருக்கும். சர்க்கரை நோயும் இருந்தால் அதற்கான வாய்ப்பு இன்னும் அதிகம். ஈரலின் இடது மடல் சரியாக இரைப்பையின் மேல்பகுதியை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. எடைக் குறைப்பு ஆபரேஷன் நடப்பதோ இரைப்பையில். வயிற்றில் 4, 5 சிறு துளைகள் போட்டு, கேமராவையும் கருவிகளையும் நுழைத்து, முதல் வேலையாக ஈரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் டாக்டர் இரைப்பையைப் பார்க்கவே முடியும். வீங்கிக் கனத்த ஈரல் தூக்க வராது. தூக்கினால் கிழிந்து ரத்தம் கசியும். வழி கிடைக்காவிட்டால் துளை ஆபரேஷனை விட்டுவிட்டு வயிற்றைத் திறக்க வேண்டிவரும். அல்லது ஒன்றும் செய்யாமல் மூடிவிட்டு, இன்னொரு தேதி கொடுக்க வேண்டிவரும்.

ஆக, டாக்டர் கேட்டது 5 கிலோவாக இருந்தாலும், அவருக்கு வேண்டியது சுருங்கிய ஈரல். நல்ல செய்தி என்னவென்றால், உணவைக் குறைத்தால் உடம்பில் முதலில் இளைக்கிற இடங்களில் ஈரலும் ஒன்று. 2006-ல் வெளியான ஓர் ஆய்வில், 12 வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் இருந்தவர்களுக்கு ஈரலின் அளவு சராசரியாக 18.7 சதவிகிதம் குறைந்தது. அதில் 80 சதவிகிதக் குறைவு முதல் 2 வாரத்திலேயே நடந்துவிட்டது. பல மருத்துவமனைகள் 2 வார உணவுத் திட்டம் கொடுப்பதற்குக் காரணம் இதுதான். 2011-ல் வெளியான இன்னொரு ஆய்வில், கிட்டத்தட்ட 300 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் ஆபரேஷனுக்கு முன் 2 வாரம் இந்த உணவைக் கொடுத்தார்கள். ஆபரேஷன் நேரம் மிச்சமாகவில்லை. ஆனால், அதற்குப் பிந்தைய 30 நாட்களில் வந்த சிக்கல்கள் அந்தப் பிரிவில் குறைவாக இருந்தன.

‘குறைத்துக் காட்டினால்தான் ஆபரேஷன்’ என்று இதை ஒரு பரீட்சையாக வைப்பது வேறு சங்கதி. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் மாதக்கணக்கில் அப்படி நிபந்தனை போட்டுவந்தன. அதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை என்று அந்நாட்டு எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை மருத்துவர்களின் சங்கம் 2016-ல் அறிக்கையே வெளியிட்டது. நாமக்கல்காரர் 5 கிலோவுக்குப் பதில் 4 கிலோ குறைத்துப் போனால், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீம்பும் தேவையில்லை.

இப்போது அவர் குடிக்கிற கஞ்சி. ஜவ்வரிசி என்பது குச்சிக்கிழங்கின் மாவுதான் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காய்ந்த ஜவ்வரிசி 100 கிராமில் 85 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. புரதம் இல்லை என்றே சொல்லலாம். ஈரலைச் சுருக்க வேண்டிய நேரத்தில், ஈரலில் போய்ச் சேர்வதையே குடித்துக்கொண்டிருக்கிறார். அரிசிக் கஞ்சி, இளநீர், வாழைப்பழம், கருப்பட்டிக் காபி எல்லாம் இந்த 2 வாரத்துக்கு இதே கணக்குத்தான். கம்பங்கூழும் ராகிக் களியும் நல்ல உணவுகள். சந்தேகமில்லை. ஆனால், அவற்றிலும் பெரும்பங்கு மாவுச்சத்து என்பதால், டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் போகக் கூடாது.

வழக்கமாகக் கொடுக்கப்படும் திட்டம் ஒரு நாளைக்கு 800 முதல் 1,000 கலோரி வரை இருக்கும். மாவுச்சத்து 100 கிராமுக்குள், புரதம் 60 முதல் 80 கிராம். புரதம் குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும். ஆபரேஷன் காயமும் ஆறத் தாமதமாகும். மருத்துவமனைகளில் பவுடர் எழுதிக் கொடுப்பார்கள். அதன் விலை கட்டுப்படியாகாவிட்டால் உணவியல் நிபுணரிடம் சொல்லி, வீட்டுச் சாப்பாட்டுக்கு மாற்றி எழுதி வாங்கலாம். முட்டைப் பண்ணைக்காரர் புரதத்துக்கு அலைய வேண்டியதில்லை. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு டம்ளர் பாலிலோ தயிரிலோ 6, 7 கிராம். எண்ணெய் சேர்க்காமல் வேகவைத்த நெஞ்சுக்கறி 100 கிராமில் ஏறக்குறைய 30 கிராம். கூடவே சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய், கீரை, தண்ணீர் மோர் என்று வயிறு நிறையச் சாப்பிடலாம். சைவம் சாப்பிடுபவர்களுக்குப் பனீரும், முளைகட்டிய பச்சைப்பயறும் உண்டு. பயறில் மாவுச்சத்தும் இருப்பதால் அதை அளந்துதான் எடுக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்குப் புரதக் கணக்கு மாறும். அவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாகத் தொடங்கக் கூடாது.

பீடி, சிகரெட், மது இருந்தால் டாக்டரிடம் மறைக்கவே கூடாது. புகைப்பவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு நுரையீரலில் சளி கட்டும், தையல் போட்ட இடம் ஆறாது, புண் வரும். 6 வாரத்துக்கு முன்பாவது விட்டாக வேண்டும். கோழிக்குக் கொடுக்கும் கோலினை ஆளுக்கும் கொடுத்துப் பார்க்கலாமா என்று யாருக்காவது தோன்றினால், வேண்டாம்.

இந்த 2 வாரத்தில் தீவன மூட்டை, மருந்து தெளிப்பு, ராத்திரி மோட்டார் எடுத்துவிடப் போவது ஆகியவற்றை வேறொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். நடை மட்டும் போதும். ஆபரேஷனுக்குப் பிறகும் 4 முதல் 6 வாரம் வரை கனம் தூக்கக் கூடாது என்பதால், கிழங்கு வெட்டு எப்போது வருகிறது என்று பார்த்து, அதற்கேற்பத் தேதி கேட்டு வாங்கலாம். தேதியைச் சில வாரம் தள்ளுவது பெரும்பாலும் சாத்தியமே.

சொந்தக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இவருடைய பி.எம்.ஐ. 44. இந்தியர்களுக்கான வழிகாட்டுதலில், சர்க்கரை நோய் போன்றவை இருந்தால் 32.5-க்கு மேலேயே இந்த ஆபரேஷனை யோசிக்கலாம் என்று இருக்கிறது. சோம்பேறிகளுக்கான குறுக்கு வழி என்ற பேச்சுக்கு இதில் அர்த்தமே இல்லை.

‘‘எனக்கு வயது 31. ஆபரேஷனுக்காக டாக்டர் கொடுத்த உணவில் 2 வாரம் இருந்து 7 கிலோ குறைத்துவிட்டேன். உடம்பு லேசாக இருக்கிறது. இப்படியே போனால் போதுமே, ஆபரேஷனை ரத்து செய்துவிடலாமா?’’

- ஒரு வாசகர், தேனி மாவட்டம்.

ரத்து செய்யும் உரிமை ஆபரேஷன் மேஜைக்குப் போகும்வரை நோயாளிக்கு உண்டு. ஆனால், இந்த 7 கிலோவை வைத்து முடிவெடுத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். மாவுச்சத்தை நிறுத்தியதும் ஈரலிலும் தசையிலும் சேமிப்பாக இருந்த கிளைகோஜன் முதலில் செலவாகும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதால், அந்தத் தண்ணீரும் சேர்ந்து போகும். தராசில் முதல் வாரம் முள் வேகமாக இறங்குவதற்கு இது முக்கியக் காரணம். பழையபடி சோறு சாப்பிட்ட சில நாட்களில் இதில் ஒரு பங்கு திரும்பி வந்துவிடும். கரைந்த கொழுப்பு 7 கிலோவைவிடக் குறைவு.

மாதக்கணக்கில் 800 கலோரியில் ஓட்ட, உடம்பு விடாது. எடை இறங்க இறங்கப் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடும். உடம்பு செலவழிக்கும் சக்தியும் குறையும். பலருக்குக் குறைத்த எடை திரும்புவதற்குக் காரணம் மன உறுதி இல்லாதது மட்டுமே அல்ல. இரைப்பையின் முக்கால் பங்கை எடுத்துவிடும் ஸ்லீவ் ஆபரேஷனில், கிரெலின் அதிகம் சுரக்கும் மேல்பகுதியும் சேர்ந்து போய்விடுகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு பசி அடங்கியிருப்பதற்கு அது ஒரு காரணம்.

ஆனாலும், ஆபரேஷனோடு எல்லாம் முடிந்துவிடாது. வாழ்நாள் முழுக்க வைட்டமின், இரும்புச்சத்து மாத்திரைகளும் வருடாந்திர ரத்தப் பரிசோதனையும் கட்டாயம். சில வருடங்களில் கொஞ்சம் எடை திரும்பவும் கூடும். இதற்கெல்லாம் தயாரில்லை என்று தோன்றினால், தேனி வாசகர் அதை டாக்டரிடம் நேராகச் சொல்லி, உணவு, உடற்பயிற்சி, மருந்து வழியில் தொடர முடியுமா என்று கேட்கலாம். சொல்லாமல் கொள்ளாமல் தேதியைத் தவற விட்டுவிட்டு, அந்த 800 கலோரி உணவைத் தானாக நீட்டித்துக்கொண்டு மட்டும் போகக் கூடாது. எடை மிக வேகமாக இறங்கும்போது பித்தப்பையில் கல் சேரும் வாய்ப்பு கூடுகிறது. வலது விலாவுக்குக் கீழே வலியோ, சாப்பிட்டதும் குமட்டலோ இருந்தால் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.