ஒன்லைன் உழைப்பும் 15 வீதப் பயமும்



லெப்டொப்பில் வெளிநாட்டாருக்கு வேலை செய்து உழைக்கும் பிள்ளைகள் இப்போது தோட்டங்களிலும் இருக்கிறார்கள். "உழைப்பதில் 15 வீதத்தை அரசாங்கம் எடுத்துவிடும்" என்ற பேச்சைக் கேட்டுப் பெற்றோர் பயப்படுகிறார்கள். கணக்கு அப்படியில்லை.

இந்த வருமானத்துக்கு இருந்த வரிவிலக்கு 2025 மார்ச் 31உடன் முடிந்தது உண்மைதான். ஆனால் வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரை, அதாவது மாதம் 150,000 வரை, வரி நிவாரணம் உண்டு. அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம். வெளிநாட்டு நாணயத்தில் வங்கி வழியாக வந்தால், 15 வீதம் என்பது உச்ச எல்லை மட்டுமே. மாதம் 2 இலட்சம் உழைக்கும் பிள்ளை வருடத்துக்குக் கட்ட வேண்டியது 36,000 ரூபா; 360,000 அல்ல.

வரியை நான் எதிர்க்கவில்லை. ஆனால் லயத்து அறைக்கு வரும் டொலரை வருமானமாக ஏற்கும் அரசாங்கம், அந்தப் பிள்ளையை உழைப்பாளியாகவும் ஏற்க வேண்டும். சம்பளச் சிட்டை இல்லை, காணி உறுதி இல்லை, பல லயங்களில் வீட்டுக்குத் தனி முகவரியும் இல்லை. வங்கியில் கடன் கேட்டால் எதைக் காட்டுவது? வரி கட்டிய பற்றுச்சீட்டை வருமானச் சான்றாக ஏற்கும்படி எல்லா வங்கிகளுக்கும் அரசாங்கம் சொல்லட்டும்.

பெற்றோரே, 18 வயதானதும் பிள்ளைக்கு வரி இலக்கம் எடுத்துக் கொடுங்கள். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் அது இலவசம். தரகருக்குக் காசு கொடுக்க வேண்டாம். பணத்தை உண்டியலில் எடுக்காமல் வங்கியிலேயே எடுக்கச் சொல்லுங்கள். மாதாமாதம் வரவை ஒரு கொப்பியில் எழுதிவரப் பழக்குங்கள்.