பனிப்புயலும் ஒரு தாயின் கேள்வியும்

நம் சங்கத்து அம்மையார் ஒருவர் சித்தூரிலிருந்து கடிதம் விடுத்துள்ளார். வானிலைக் கருவிகளில் தேர்ச்சி பெற்ற அவருடைய மகன், தென் துருவக் கண்டமாகிய அண்டார்டிகாவில் ஓராண்டு பணியாற்ற விண்ணப்பிக்க விரும்புகிறாராம். "பிழைப்புக்காக நாங்கள் ஊரை விட்டு வந்தோம், இவன் உலகத்தையே விட்டுப் போகிறேன் என்கிறானே! அங்கே பனிப்புயல் அடித்தால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?" என்று வினவுகிறார்.

திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையே காதங்கியில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் இருப்பதை அன்பர்கள் அறிவர். அங்கே பலூனில் கருவியைக் கட்டி வானில் விடுவர். மேற்காற்றின் வெப்பமும் ஈரமும் வேகமும் அதனால் தெரியவரும். அண்டார்டிகாவிலுள்ள நம் மைத்ரி நிலையத்திலும் அத்தகைய பலூன்களை விடுகின்றனர். வேலை பழகியதே, வாசற்கதவைத் திறப்பதுதான் பெரும்பாடு.

பனித்தட்டின்மேல் அமைந்த நம் முதல் நிலையமாகிய தட்சிண கங்கோத்ரி, காற்று வாரிக் கொட்டிய பனியில் புதைந்து 1990-இல் கைவிடப்பட்டது. 1989-இல் எழுந்த மைத்ரியோ பாறை நிலத்தில் கால்களின்மேல் நிற்கிறது. குளிர்காலத்தில் அங்கு ஏறக்குறைய இருபத்தைந்து பேர் தங்குவர். நமக்கு ஆனி வெயில் காயும்போது அவர்களுக்குச் சூரியனே உதிப்பதில்லை. இருள் இரண்டு மாதம் நீடிக்கும்.

புயலின் வேகம் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டுவதுண்டு. மாவுபோன்ற பனித்தூள் எழுந்து சுழல, நீட்டிய கை கண்ணுக்குத் தெரியாது. பத்தடி தொலைவில் உள்ள கதவைக் காணாமல் மனிதன் வழிதவறிவிடுவான். ஆதலால் அனுமதியின்றியும் துணையின்றியும் எவரும் வெளியேறலாகாது. செல்ல நேர்ந்தால் கட்டியுள்ள கயிற்றைப் பற்றியே செல்லவேண்டும். ஆயினும் வானிலைக் குறிப்பு எடுப்பது நிற்பதில்லை. மின்னாக்கி ஓயலாகாது, அது ஓய்ந்தால் வெளிச்சமும் வெப்பமும் போய்விடும். பிரியதர்சினி ஏரியிலிருந்து வரும் குழாய் நீர் உறையாமல் காக்கவேண்டும். உலர்ந்த காற்றாகையால் புயலைவிட நெருப்புக்கே அங்கு அதிகம் அஞ்சுவர். எஞ்சிய நேரத்தில் அறிவியலாளர், மருத்துவர் என்ற வேற்றுமையின்றி முறைவைத்து அடுக்களையில் காய் நறுக்குவர், பாத்திரம் துலக்குவர்.

அபாயமே இல்லை என்று கூறி அம்மையாரைத் தேற்ற என் மனம் ஒப்பவில்லை. 1990 ஜனவரியில் நம் ஒன்பதாவது பயணக் குழுவினர் நால்வர், மலைப்பகுதியில் கூடாரத்தினுள் கார்பன் மோனாக்சைடு நச்சுவாயுவால் மாண்டனர். மறுபுறம், பனிப்பொழிவையே முன்பு கண்டறியாத இஸ்ரோ அறிவியலாளர் மங்கள மணி அம்மையார், ஐம்பத்தாறாம் வயதில், 2016-17-இல் பாரதி நிலையத்தில் ஆடவர் நடுவே ஒரே பெண்ணாக 403 நாள் பணியாற்றி நலமே திரும்பினார். கோவாவிலுள்ள துருவ ஆராய்ச்சி மையத்தார், கடும் மருத்துவச் சோதனையும் இமயத்து ஆவ்லியில் பனிப் பயிற்சியும் முடித்தவர்களையே அனுப்புகின்றனர்.

இனி, மகனும் தாயும் அமர்ந்து பேசவேண்டியது ஒன்றுண்டு. கோடை முடிந்து கப்பல் புறப்பட்டுவிட்டால் அடுத்த கோடை வரை போக்குவரத்து இல்லை. நாமெல்லாம் ஊரிலிருந்து துயரச் செய்தி வந்தால் இரவோடிரவாகப் பேருந்து ஏறிக் காட்பாடி வழியே போய்ச் சேர்கிறோம். அங்கு இருப்பவருக்குச் செயற்கைக்கோள் வழியே செய்தி அந்நொடியே கிட்டும். அவரோ மாதக்கணக்கில் நகர இயலாது. வீட்டில் முதியவர் நோயுற்றிருந்தால் அவரையும் அருகில் வைத்துக்கொண்டே பேசுங்கள். அவருக்குத் தெரியாமல் முடிவெடுக்கவேண்டாம்.

மகன் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்ததுண்டா என்று அம்மையார் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் அதையும் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.