மனையை விற்கலாமா?

பம்மலிலிருந்து ஒரு சகோதரி ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டிருக்கிறார்; வெளியிடவில்லை.

கணவருக்கு நாள்பட்ட ரத்தப் புற்றுநோய். டாக்டர்கள் சி.எம்.எல். என்று சொல்லும் வகை. ஒரு வருஷமாக இமாடினிப் மாத்திரை சாப்பிடுகிறார். இதற்கிடையில் கொழுந்தனாரின் ரத்தத்தைப் பரிசோதித்ததில் முழுப் பொருத்தம் என்று வந்துவிட்டது. "தம்பி கொடுக்கத் தயாராயிருக்கும்போது மாத்திரை என்னத்துக்கு? மனையை விற்று, ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையைச் செய்து முடித்துவிடுங்கள்" என்கிறாராம் பெரிய மாமனார். மாமியாரோ, "ஒரு பிள்ளைக்கு வியாதி, இன்னொரு பிள்ளையின் எலும்பையுமா தோண்டுவது?" என்று அழுகிறாராம். நடுவில் இவர்.

அம்மணி, முதலில் மாமியாரின் கண்ணீரைத் துடைப்போம். இப்போது பெரும்பாலும் எலும்புப் பக்கமே போவதில்லை. கொடுப்பவருக்குச் சில நாட்கள் ஊசி போட்டு, ரத்தத்தை ஒரு இயந்திரத்தின் வழியாக ஓடவிட்டு, ஸ்டெம் செல்களை மட்டும் பிரித்துக்கொண்டு மிச்சத்தை அவர் உடம்பிலேயே திருப்பி ஏற்றிவிடுகிறார்கள். கொடுத்தது மறுபடி ஊறிவிடும்.

கஷ்டமெல்லாம் வாங்கிக்கொள்பவருக்குத்தான். கடுமையான மருந்துகளால் அவருடைய மஜ்ஜையை அழித்த பிறகே புதிய செல்களை ஏற்றுகிறார்கள். வாரக் கணக்கில் தனியறை வாசம். சாதாரணக் கிருமியும் ஆபத்து. பிறகு, தம்பியின் செல்கள் அண்ணனின் தோலையும் குடலையும் ஈரலையும் அந்நியமென்று எண்ணித் தாக்குவதும் உண்டு. சிலர் உயிரையே இழக்கிறார்கள். இதை மறைத்து உங்களுக்குத் தைரியம் சொல்ல எனக்கு மனமில்லை.

பெரிய மாமனாரைக் குறை சொல்லமாட்டேன். 1990-ல் அவர் சொல்வது சரியாகவே இருந்திருக்கும். வேலூர் சி.எம்.சி.யில் 1986-ல் மஜ்ஜை மாற்று ஆரம்பமானது. உடன்பிறந்தவர் ஒருவர் முழுக்கப் பொருந்துவதற்கு 4-ல் 1 பங்குதான் வாய்ப்பு. அப்படிப் பொருந்தினால் தாமதிக்காமல் செய்வதுதான் அன்றைய வழக்கம். 2001-ல் இமாடினிப் வந்தது, கணக்கு மாறிவிட்டது. மருந்து நன்றாகப் பிடித்தவர்கள் இன்று ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே ஆயுசோடு இருக்கிறார்கள்.

அந்த மாத்திரை நமக்கு எட்டிய கதையும் சாமானியமானதல்ல. நோவார்ட்டிஸ் கம்பெனியின் மாத்திரைக்கு அப்போது மாதம் சுமார் 1,20,000 ரூபாய்; நம் நாட்டுத் தயாரிப்பு சுமார் 10,000-க்குள். கம்பெனியின் காப்புரிமை மனுவைச் சென்னை அலுவலகம் 2006-ல் தள்ளியது. 2013 ஏப்ரல் 1-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டும் கம்பெனியின் அப்பீலை நிராகரித்தது. உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் டப்பாவுக்குப் பின்னால் இத்தனை வழக்கு!

ஆகவே, மாத்திரை பிடித்திருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். 'பி.சி.ஆர்.-ஏ.பி.எல்.' என்ற பரிசோதனைச் சீட்டுகளை எடுங்கள். 3 மாதத்தில் 10 சதவிகிதத்துக்குள்ளும், ஒரு வருஷத்தில் 0.1 சதவிகிதத்துக்குள்ளும் இறங்கியிருந்தால் நல்ல சேதி. இறங்காவிட்டாலும் டாசாடினிப், நிலோடினிப் என்று அடுத்த மருந்துகள் இருக்கின்றன. அவையும் கைவிட்டால், அல்லது வியாதி முற்றிய கட்டத்துக்குத் தாவினால், அப்போது தம்பியின் பொருத்தம் பெரிய வரம். அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கால் பிடித்து இழுக்கிறதென்று அவர் வாரத்தில் இரண்டு நாள் மாத்திரையை விட்டுவிடுகிறாராம். ஆறு பக்கத்தில் என்னைப் பயமுறுத்திய வரி அதுதான். பிடிக்க வேண்டிய மருந்து பிடிக்காமல் போவதற்கு இப்படி விட்டு விட்டுச் சாப்பிடுவது ஒரு முக்கியக் காரணம். டாக்டரிடம் சொல்ல அவர் கூச்சப்பட்டால் நீங்கள் சொல்லிவிடுங்கள். கால் இழுப்புக்கு அவர்களிடம் வழி உண்டு.

மாற்று சிகிச்சை அவசியம் என்று டாக்டரே சொன்னால், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் என்ன கிடைக்குமென்று ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள். அதுவரை மனைப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். கொழுந்தனாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.