பில் கியர்னி கோட்டையும் ஃபெட்டர்மன் மீதான பழியும்

அமெரிக்காவின் இன்றைய வயோமிங் மாநிலத்தில், பிக்ஹார்ன் மலையடிவாரத்தில் 1866 ஜூலையில் எழுந்து இரண்டே ஆண்டுகளில் கைவிடப்பட்ட பில் கியர்னி கோட்டையைப் பற்றி வழங்கிவரும் கதை எளிமையானது: எண்பது பேரைத் தந்தால் சியூ மக்களின் நாடு முழுவதையும் ஊடறுத்து வருவதாக வீம்பு பேசிய கேப்டன் வில்லியம் ஃபெட்டர்மன், கட்டளையை மீறி லாட்ஜ் டிரெயில் மேட்டைக் கடந்து, 1866 டிசம்பர் 21 அன்று தம்மையும் சேர்த்து 81 உயிர்களைப் பலிகொடுத்தார்; அச்செருக்கே கோட்டையின் முடிவுக்கும் வித்திட்டது என்பதே அது.

அந்த வீம்புரை, நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, 1904இல் வெளிவந்த சைரஸ் டவுன்செண்ட் பிரேடியின் நூலில்தான் அச்சேறியது. கோட்டைத் தலைவர் கர்னல் ஹென்றி கேரிங்டனின் மனைவி மார்கரெட் 1868இல் வெளியிட்ட நூல், ஃபெட்டர்மன் பழங்குடிப் படையைக் குறைத்து மதிப்பிட்டதைச் சொல்கிறதேயன்றி எண்பது என்ற எண்ணைச் சொல்லவில்லை. அவருடன் மாண்டோர் மிகச்சரியாக எண்பதின்மர் என்பதை நோக்கினால், முடிவு தெரிந்த பின்னரே பேச்சு புனையப்பட்டது என்று கொள்வதே பொருத்தம்.

கட்டளை மீறல் என்னும் குற்றச்சாட்டோ, தம்மீது பழி படியாமல் காத்துக்கொள்ள வேண்டியிருந்த கேரிங்டனிடமிருந்தே வந்தது. பின்னாளில் அவர் மணந்துகொண்ட பிரான்செஸ், அன்று குதிரைப்படையை நடத்திச் சென்று மாண்ட லெப்டினன்ட் ஜார்ஜ் கிரம்மண்டின் விதவை. 1910இல் அவர் எழுதிய நூலும் இக்கதைக்கே வலுவூட்டியது. களமோ வேறு சாட்சி சொல்கிறது. குதிரைவீரர்களின் உடல்கள் மேட்டில் வடக்கே தொலைவிலும், ஃபெட்டர்மனும் காலாட்படையினரும் அவர்களுக்குப் பின்னாலும் கிடந்தமையால், குதிரைப்படை முன்னே பாய, காலாட்படை அதைக் காக்கத் தொடர்ந்தது எனக் கொள்ள இடமுண்டு. 1866 டிசம்பர் 6ஆம் நாள் மோதலிலும் கிரம்மண்ட் முந்திச் சென்று சிக்கியவரே. மேலும், சிலரை முன்னனுப்பி எதிரியைப் பெரும்படையின் நடுவே இழுத்துவந்த லகோட்டா சியூ, செயென், அரபாஹோ பழங்குடிகளின் கூட்டணித் திறனை, ஒரு கேப்டனின் செருக்கில் கரைத்துவிடுவது வரலாறாகாது.

தோல்வியால் கோட்டை வீழ்ந்தது என்பதும் பொருந்தாது. ஃபெட்டர்மனின் காலாட்படை குழல்வாய் வழியே மருந்தும் குண்டும் இட்டுச் சுடும் பழைய துப்பாக்கிகளோடு மாண்டது. 1867 ஆகஸ்ட் 2 அன்றோ, குழலின் பின்புறம் தோட்டா இட்டு விரைந்து சுடும் புதிய துப்பாக்கிகளோடு கேப்டன் ஜேம்ஸ் பவலின் சிறு குழு, வண்டிப்பெட்டிகளை அரணாக்கிப் பெரும்படையை மணிக்கணக்கில் தடுத்து நின்றது. ஆனால் மொன்டானாவின் தங்கவயல்களுக்குச் செல்லும் போஸ்மன் பாதையைக் காக்கவே கட்டப்பட்ட கோட்டையின் வருகையே போரை மூட்டி, அப்பாதையில் குடியேறிகளின் போக்குவரத்தை நிறுத்திவிட்டிருந்தது. யூனியன் பசிபிக் இருப்புப்பாதை 1867 நவம்பரில் செயென் நகரை எட்டி மேற்கே நீண்டுகொண்டிருந்ததால், யூட்டா வழியாக மொன்டானாவை அடையும் மாற்றுவழி கைக்கெட்டியது. அதன்பின் போஸ்மன் பாதையில் இதையும் சேர்த்து இருந்த மூன்று கோட்டைகளைப் பெருஞ்செலவில் தாங்குவதற்குக் காரணம் எதுவும் எஞ்சவில்லை. 1868ஆம் ஆண்டு லாரமி உடன்படிக்கை அவற்றைக் கைவிட வகைசெய்தது. எனினும் லகோட்டாத் தலைவர் ரெட் கிளவுட், படைகள் வெளியேறிக் கோட்டைகள் காலியான பிறகே, அவ்வாண்டு நவம்பரில் அதில் ஒப்பமிட்டார்.